சுரங்கத்தில் இரண்டு முயல்கள்

மகளின் குரல் கேட்டதும் முயல் கையாட்டுவதை நிறுத்திவிட்டது.

"மாமா, முயல்! அங்க பாரு, ரெண்டு முயல்!"

மச்சான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்து நிற்கிறான். வீட்டைப் பொறுத்தவரை முயல் இன்னமும் பெரிய கம்பெனி அதிகாரி. அந்த வேலை போய், இங்கே முயல் வேஷம் கட்ட ஆரம்பித்து மாதக்கணக்காகிறது. தையல் வகுப்புக்கு ஓடும் அவசரத்திலும் மனைவி தினமும் இவன் டையைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்புவாள். அவளிடம் எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது?

பக்கத்தில் நின்ற பெண் முயல் அவன் கையைப் பிடித்து இழுத்தது. முயல் தலையை மாட்டிவிட்டால் பேசக்கூடாது, சைகைதான். உடை மாற்றுவதோ பூங்காவுக்கு அடியில் ஓடும் ஊழியர் சுரங்கத்தின் இரு கோடிகளில். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் தன் தவிப்பைப் புரிந்துகொண்டாளே மகராசி என்று நெகிழ்ந்துபோனான்.

பொய் மரத்தின் கதவைத் திறந்து இருவரும் இறங்கினார்கள். கீழே நீல வெளிச்சத்தில் ராஜா சைக்கிள் மிதித்துப் போனார். கடல்கன்னி வாலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு டீயை ஊதிக் குடித்தாள். தலையில்லாத கரடி சுவரில் சாய்ந்து தூங்கியது. மேலே ராட்டினம் சுற்றும் சத்தம் தூரத்து மழை மாதிரி கேட்டது. இப்படியே இங்கே இருந்துவிடலாம் போலிருந்தது அவனுக்கு.

ஏரிக்கரையில் மேலே ஏறினார்கள். படகில் மகள்.

மறுபடி இறங்கிக் கோட்டை வாசலில் ஏறினார்கள். அங்கே மகளோடு ஒரு பட்டாளமே காத்திருந்தது. முயல்கள் ஓடி ஒளிவதைப் புது விளையாட்டு என்றே பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். மேலாளர் சும்மா இருப்பாரா? ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார்.

"குழந்தைகளே, இன்னிக்கு மட்டும் சுரங்கத்தைத் திறந்து விடறோம்! இறங்கி முயலைப் பிடிங்க!"

சுரங்கம் முழுக்கக் குட்டிக் காலடிகள். நெரிசலில் பெண் முயலின் கை நழுவியது. அவன் சலவை அறைக்குள் பாய்ந்து தலையைக் கழற்றினான்.

"அக்கா, காப்பாத்துங்க! என் மக வந்திருக்கா. ஆபீஸ் போறேன்னு பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டு வந்து இங்க குதிச்சிட்டிருக்கேன். தெரிஞ்சா மானம் போயிடும்!"

துவைக்கிற அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த மூட்டைக்குப் பின்னால போ தம்பி. ஏற்கெனவே ஒரு முயல் உக்காந்திருக்கு. அதுக்கும் மக வந்திருக்காளாம், தையல் கிளாஸுன்னு புருஷன்கிட்ட பொய் சொல்லியிருக்காம். கொஞ்சம் நகர்ந்து உக்காரச் சொல்லு."