ஒரு புள்ளி குறைந்த பாப் ஃபில்டர்

மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. மூன்றாவது மாடியில் மைக்குக்கும் குரலுக்கும் பரிகாரம் சொல்கிற அதிர்வானந்தர் இருந்தார். தெருமுனையில் வரிசையின் வால் இருந்தது. நடுவே பாடகர்கள், வானொலிக்காரர்கள், விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பவர்கள், எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் மைக்கோடு உட்கார்ந்து உலகத்துக்குப் புத்தி சொல்பவர்கள் என்று வாயால் பிழைக்கிற கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு நின்றது. ஆளுக்கொரு மைக்கைத் துணியில் சுற்றி, தடுப்பூசி போடக் கொண்டுவந்த குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தார்கள்.

லிப்ட் மட்டும் காலியாகப் போய்வந்து கொண்டிருந்தது. அதில் ஏறினால் உடம்பின் அதிர்வு கலைந்துவிடும் என்று அதிர்வானந்தர் சொல்லியிருந்தார். ஆகவே மூட்டுவலிக்காரர்களும் படியேறினார்கள். ஆளில்லாத லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் நின்று, "கதவு மூடுகிறது, விலகி நிற்கவும்" என்று கனிவோடு சொல்லிவிட்டுப் போனது.

அந்தக் கனிவுக்குச் சொந்தக்காரரும் படியில்தான் நின்றார். ஊரில் பாதி லிப்ட்டுகள் பேசுவது அவர் குரலில்தான். நண்பர்கள் அவருக்குக் 'கதவு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். பேர் வந்த அளவுக்கு வருமானம் வரவில்லை. ஒரு லிப்ட் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டால் ஆயுளுக்கும் அதையே சொல்லும். மறுபடி வந்து பேசுங்கள் என்று கூப்பிடாது. இந்தச் சின்ன விஷயத்தை யோசிக்காமல் டெலிபோன் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவர் கதவு. முதலில் செய்துவிட்டு அப்புறம் யோசிப்பது அவர் வழக்கம்.

இப்போது ஒரு நல்ல வாய்ப்பு வந்திருந்தது. ஒரு பதிப்பகம் தன் நாவல்களையெல்லாம் வாசிக்க வைத்து ஒலிநூலாக்கப் போகிறது. கிடைத்தால் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லை. கதவு மாதிரிப் பதிவு அனுப்பினார். பதில் வந்தது. குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் அடியில் 'தும் தும்' என்று ஏதோ இடிக்கிறது, 'ப' வருகிற இடமெல்லாம் வெடிக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான பதிவு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டுக்கும் மருந்து எந்த மைக் கடையிலும் உண்டு. இடிக்கு ஷாக் மவுண்ட். அது மைக்கை ரப்பர் நாடாக்களில் தொங்கவிடுகிற ஒரு வளையம். மேசையின் ஆட்டம் மைக்குக்குப் போகாது. வெடிக்கு பாப் ஃபில்டர். அது வாய்க்கும் மைக்குக்கும் நடுவே நிற்கிற வலைத்துணி. 'ப' சொல்லும்போது பாய்கிற காற்றை உடைக்கும். கதவு கடைக்கும் போனார். கடைக்காரர், "உங்க மைக் எவ்வளவு தடிமன், எவ்வளவு கனம்?" என்று கேட்டார். இவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறவருக்கு என்ன தெரியப்போகிறது என்று கதவு திரும்பி வந்துவிட்டார்.

அதிர்வானந்தர் அப்படிச் சில்லறைக் கேள்வியெல்லாம் கேட்கமாட்டார். கூடம் நிறைந்ததும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பாப் ஃபில்டர்னு எழுதி விக்கிறாங்களே, அது எழுத்துப்பிழை. ரெண்டாவது 'ப'வுக்கு மேல இருக்கிற புள்ளிய எடுத்துட்டுப் படிங்க."

கூட்டம் எடுத்துவிட்டுப் படித்தது. பாப ஃபில்டர்.

"குரல்ல கலந்திருக்கிற பாபத்த வடிகட்டுறது அது. கம்பெனிக்காரன் அதக் காத்துன்னு நெனச்சிட்டான். ஷாக்குன்னா என்ன? வாழ்க்கை குடுக்கிற அடி. அந்த அடி குரல்ல எறங்காம தாங்குறதுதான் ஷாக் மவுண்ட்."

ஒரு புள்ளியைத் தூக்கியதில் ஒரு தொழிலே கிளம்பிவிட்டது. தமிழில் புள்ளி வைத்த எழுத்து எத்தனையோ இருக்கிறது. மனிதர் ஒன்றோடு நிறுத்தினாரே என்று நாம் சந்தோஷப்படவேண்டும். கதவு சந்தோஷப்படவில்லை, மெய்சிலிர்த்தார். இத்தனை நாளும் புள்ளியோடு படித்துக் காலத்தை வீணாக்கிவிட்டோமே என்று உண்மையாகவே வருந்தினார்.

அவர் முறை வந்தது. அதிர்வானந்தர் எதிலும் செருகாத மைக்கைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இடிக்குதே."

"ஆமா சாமி. மேல் வீட்டுலயா?"

"மேலயும் இல்ல, கீழயும் இல்ல. முன்னால."

"முன் வீட்டுலயா?"

"முன்வினை."

முன்வினை இடிக்கிற சத்தம் பதிப்பகம் வரைக்கும் கேட்டிருக்கிறதே என்று கதவுக்கு வெட்கமாக இருந்தது. அதிர்வானந்தர் சிவப்பு நாடா கட்டிய ஒரு வளையத்தை எடுத்தார். மைக் அதில் லொடலொடவென்று ஆடியது. உடனே ஒரு செப்புக்காசை எடுத்து மைக்குக்கும் வளையத்துக்கும் நடுவில் இறுக்கமாகச் சொருகினார். "உருவேத்தின காசு. இத எடுக்கவே கூடாது," என்றார். வளையம் அளவு தப்பு என்று சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. பாபம் அதிகம் என்று ஃபில்டருக்கு மூன்று அடுக்குத் துணி போட்டார். விலையைக் கேட்டபோது கதவுக்கு மின்சாரம் இல்லாமலேயே ஷாக் அடித்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தார்.

வீட்டில் அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார். இடி குறையவில்லை, ஏறியிருந்தது. போனில் கேட்டபோது, "பாபம் வடியுது. வடியறப்போ அப்படித்தான் சத்தம் போடும். நாலாவது அடுக்கு போடு," என்று பதில் வந்தது. போட்டார். இப்போது வெடிப்பு நின்றது. கூடவே 'ச'வும் நின்றது. 'சாமி' என்று வாசித்தால் 'ஆமி' என்று கேட்டது.

கதவின் மனைவி காது கிளினிக்கில் செவித்திறன் சோதிப்பவர். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"எப்படி, இப்போ தெளிவா இருக்கு இல்ல?"

"போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்குங்க."

"அதுதான் தூய்மை. ஒனக்குப் பழக்கமில்ல."

"காது எனக்குப் பழக்கமில்லாம வேற யாருக்குப் பழக்கம்? தெனமும் ஹெட்போன் மாட்டி உக்கார வச்சு, சத்தம் கேட்டா பட்டன அழுத்துங்கன்னு சொல்றேன். நான் சத்தமே குடுக்காதப்பவும் அழுத்துறவங்க இருக்காங்க. அவங்க பொய் சொல்லல. கேக்கணும்னு நெனச்சு உக்காந்தா கேக்கும்."

"நான் அந்த மாதிரி ஆள் இல்ல."

"அந்த மாதிரி ஆள் இல்லன்னு சொல்றவங்கதான் மொதல்ல அழுத்துவாங்க."

கதவு பேச்சை மாற்றப் பார்த்தார். மனைவி விடவில்லை. தையல் டேப்பை எடுத்துவந்து மைக்கின் உடம்பைச் சுற்றி அளந்தார். மறுநாள் அதே கடைக்காரரிடம் போய் அளவுக்குச் சரியான வளையம் ஒன்று வாங்கிவந்தார். எம்பிராய்டரி வளையத்தில் ஒரு பழைய நைலான் காலுறையை விரித்து மாட்டி, மைக்குக்கு முன்னால் நாலு விரல் தள்ளி நிறுத்தினார்.

"எனக்காக ஒரு தடவ இதுல வாசிங்க. நின்னுக்கிட்டு வாசிங்க."

"காலுறையில எப்படி பாபம் போகும்?" என்று கதவு வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் வாசித்துக் கொடுத்தார். கட்டிய மனைவி, பாவம், விளையாடிவிட்டுப் போகட்டும் என்ற பெருந்தன்மை அவருக்கு.

"நாளைக்கு வியாழக்கெழம. ஒங்க சாமியோட சபைக்கு நானும் வரேன்," என்றார் மனைவி. கதவுக்குக் கண் கலங்கியது. கடைசியில் இவளுக்கும் ஞானம் பிறந்துவிட்டதே என்று நினைத்தார்.

சபையில் நாற்காலிகளை வரிசை வரிசையாகக் கம்பியால் பிணைத்திருந்தார்கள். அங்கே நடப்பது ஒரே சடங்குதான். பக்தர் கொண்டுவந்த 'முன்' பதிவையும் 'பின்' பதிவையும் பெரிய ஸ்பீக்கரில் போடுவார்கள். 'முன்' கேட்டதும் கூட்டம் முகம் சுளிக்கும். 'பின்' கேட்டதும் பெருமூச்சு விடும். அதிர்வானந்தரின் இடது கை ஆசி வழங்கிக்கொண்டிருக்கும். வலது கை மட்டும் எப்போதும் மேசை மேல் போட்ட சால்வைக்கு அடியில் இருக்கும். ஒவ்வொரு 'பின்'னுக்கும் அந்த முழங்கை கொஞ்சம் அசைவதை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார்.

கதவின் முறை வந்ததும் மனைவியே எழுந்து போனார். "அவரோட பதிவு மூணு கொண்டுவந்திருக்கேன். என் போன்லயிருந்தே போடுறேன். ஐயா, ஒங்க ரெண்டு கையும் சால்வைக்கு மேல இருக்கட்டும்."

"எதுக்கு?"

"கும்புடுறதுக்கு வசதியா இருக்கும்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அதிர்வானந்தர் கைகளை மேலே வைத்தார். முதல் பதிவு ஓடியது. அவர் நெற்றியைச் சுருக்கி, "அப்பப்பா, மூணு தலைமுறை பாபம்," என்றார். கூட்டம் முகம் சுளித்தது. இரண்டாவது பதிவு ஓடியது. "கழுவிட்டுது," என்றார். கூட்டம் பெருமூச்சு விட்டது. கதவு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது பதிவு ஓடியது. அதிர்வானந்தர் எழுந்தே நின்றுவிட்டார். "நாலாவது அடுக்கு. இது மோட்சம். இதுக்கு மேல குரலுக்கு வேற பிறவி இல்ல."

"மொதலும் ரெண்டாவதும் ஒரே பதிவு," என்றார் மனைவி. "ஒரே பதிவத்தான் ரெண்டு தடவ போட்டேன். ஒங்க வளையம், ஒங்க காசு, ஒங்க நாலு அடுக்கு வச்சு எடுத்தது. மூணு தலைமுறை பாபம்னு நீங்க சொன்னது ஒங்க சரக்கத்தான்."

"அப்போ மோட்சம்?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

மனைவி பையிலிருந்து எம்பிராய்டரி வளையத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். "என் பழைய காலுறை. தொவச்சதுதான்."

சிரிப்பு முதலில் ஒரு மூலையிலிருந்து வந்தது. அதிர்வானந்தர் சமாளித்தார். "ஒரு தடவ கேட்டதுலயே ஒங்க காதெல்லாம் சுத்தமாயிடுச்சு. அதனால ரெண்டாவது தடவ நல்லாக் கேட்டுது." சில தலைகள் ஆமாம் என்று ஆடின. அதில் ஒன்று கதவின் தலை.

"சரி, காது இப்போ சுத்தமா இருக்கு. அதே பதிவ மூணாவது தடவ போடுறேன். அடியில இடிக்குதே, அத மட்டும் கவனிச்சுக் கேளுங்க," என்றார் மனைவி.

ஸ்பீக்கர் 'தும் தும் தும்' என்று இடித்தது. கதவின் வரிசையில் நாற்காலிகள் எல்லாம் அதே தாளத்தில் நடுங்கின. அவருக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்குத் தாலாட்டுப் பாடிப் பதிவு செய்கிற ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் திரும்பினார்.

"தம்பி, நான் தாலாட்ட வந்தவ. நீங்க காலாட்டுறத நிறுத்துங்க. வரிசையே குலுங்குது."

கூடமே திரும்பிக் கதவின் காலைப் பார்த்தது. கதவும் பார்த்தார். முன்வினை வலது முழங்காலில் உட்கார்ந்துகொண்டு ஜோராக ஆடிக்கொண்டிருந்தது. கையால் பிடித்து நிறுத்தினார். நாற்காலிகள் நின்றன. ஸ்பீக்கர் மட்டும் பழைய காலாட்டத்தை இடித்துக்கொண்டே இருந்தது.

"உக்காந்து வாசிச்சாக் கால் ஆடும். கால் ஆடினா மேசை ஆடும்," என்றார் மனைவி. "மைக் ரப்பர்ல தொங்கணும், வளையத்துல எங்கயும் முட்டக்கூடாது. அதுக்குத்தான் அந்த வளையமே. இவரு நடுவுல காசச் சொருகிட்டாரு. ஆட்டம் மொத்தமும் காசு வழியா நேரா மைக்குக்குப் போயிடுச்சு. 'ப'வுல வெடிக்கிறது வெறும் காத்து. வாய்க்கு முன்னால கைய வச்சு 'ப' சொல்லிப் பாருங்க, படும். அதுக்கு ஒரு அடுக்கு போதும். நாலு போட்டா குரலும் உள்ளயே நின்னுடும்."

கூடம் முழுக்கக் கையை வாய்க்கு முன் வைத்துக்கொண்டு 'ப, ப, ப' என்று சொல்லிப் பார்த்தது. இத்தனை நாளும் அவர்கள் அந்தச் சபையில் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். தாலாட்டம்மாள் அதோடு நிற்கவில்லை. எழுந்துபோய் மேசைச் சால்வையைத் தூக்கினார். அடியில் ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருந்தது. கொஞ்சம் உரக்கக் கேட்டால் எந்தக் குரலும் இனிக்கும். 'பின்' எல்லாம் ஏன் இனித்தது என்று யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. காசைத் திருப்பிக் கொடு என்று கூட்டம் எழுந்தபோது அதிர்வானந்தர் லிப்ட்டுக்குள் புகுந்துவிட்டார். அவருடைய அதிர்வு கலைவதைப் பற்றி அவரே கவலைப்படவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கதவு ஆரம்பித்தார்.

"ஒரே பதிவு ரெண்டு தடவன்னு தெரியாம அழுதுட்டேனே."

"அழுதது பரவால்லங்க. காது சுத்தமாச்சுன்னு அந்தாளு சொன்னப்போ தலைய ஆட்டினீங்களே, அதத்தான் தாங்க முடியல."

"கால்தான் ஆடுதுன்னு நெனச்சேன். தலையும் ஆடியிருக்கு," என்றார் கதவு. சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெட்கத்தோடுதான் சிரித்தார், ஆனால் நெஞ்சு லேசாகியிருந்தது.

நின்றுகொண்டு வாசித்த பதிவைப் பதிப்பகத்துக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. இடியும் இல்லை, வெடியும் இல்லை. திங்கள் முதல் வேலையைத் தொடங்கலாம். கதவு அந்தப் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினார், எழுந்து நின்றுகொண்டு.

அப்போது போன் வந்தது. சபைக்கு வந்த வானொலிக்காரர். "அண்ணே, விஷயம் தெரியுமா? அந்தாளு ஃப்ராடுதான். ஆனா அடுத்த தெருவுல ஒருத்தர் வந்திருக்காராம், நிஜமானவரு. ஹெட்போன் ஒயரத் தொட்டுப் பாத்தே ஜாதகம் சொல்றாராம். கூட்டம் அலைமோதுது."

"அப்படியா? எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார் கதவு.

கேட்ட பிறகுதான் மனைவி எதிரே நிற்பது ஞாபகம் வந்தது. கதவு நாக்கைக் கடித்துக்கொண்டு போனை வைத்தார். நாவலைக் கையில் எடுத்து, வாய்க்கு முன்னால் காலுறை வலையைச் சரியாக நிறுத்தி, முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தார்.

அடுத்த தெருவுக்குக் கிளம்புகிற மகாஜனங்களே, வாய்க்கு முன்னால் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு காதுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் ஒருநாளாவது எதுவும் சொருகாமல் வேலை செய்ய விட்டுப் பாருங்கள்.