இரண்டு லிட்டர் திட பேட்டரி

பேட்டரி என்றால் அதற்குள் ஏதாவது ஒரு திரவம் இருந்தே தீரவேண்டும் என்பது தொழில் உரிமம் வழங்கும் அலுவலகத்தின் தீர்மானமான கருத்து. விண்ணப்பத்தின் பதினோராவது கட்டம் அதைத்தான் கேட்டது: திரவத்தின் அளவு, லிட்டரில். எஸ்தர் பூஜ்யம் என்று நிரப்பினாள். கம்ப்யூட்டர் கட்டத்தைச் சிவப்பாக்கி அவளைத் திருப்பி அனுப்பியது.

நெசவாளர் ஊரான ஐயம்பேட்டையில் இருந்த அவளுடைய பட்டறையில் திட பேட்டரிக்கான மின்தகடு செய்தார்கள். மெல்லிய அலுமினியத் தாளின்மேல் கருப்புப் பொடியைப் பரப்பி, இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்திச் சுருட்டுவது வேலை. ஒரு சொட்டுத் திரவம் கிடையாது; அதன் பெருமையே அதுதான். ஈரம் பட்டால் பொடி கெட்டுவிடும் என்பதால் காற்றைக்கூடக் காயவைத்துத்தான் உள்ளே விட்டார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கார் கம்பெனியிலிருந்து பார்க்க வருகிறார்கள். மாதிரியும் உரிமமும் இருந்தால் ஆர்டர். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்புக்குப் பூட்டுப் போட்டுவிட்டு அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"ஒரு லிட்டர்னு போட்டுக்கலாமா சார்?" என்று கூச்சத்தோடு கேட்டாள்.

அதிகாரி வீரபாகு நேர்மையானவர். "இல்லாதத இருக்குதுன்னு எழுதச் சொல்றியாம்மா? இது கவர்மெண்ட் ஆபீஸ். எடத்தப் பாத்துட்டு எந்த இனத்துல சேக்கலாம்னு சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை வந்தார். சுருளைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

"ரெண்டு ஓரத்துலயும் பொடி இல்லாம வுட்டுகினு இருக்கீங்களே, ஏன்?"

"அது வழியாத்தான் சார் கரண்ட் வெளிய வரும்."

"நடுவுல கருப்பு. ரெண்டு பக்கமும் பளபளன்னு. நீளமா வேற சுருட்டி வச்சிருக்குது." அவர் நமச்சிவாயத்தின் பக்கம் திரும்பினார். தாள் தளர்வதை விரல் நுனியாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்பதற்காக, தறியிலிருந்து எஸ்தர் அழைத்துவந்த ஆள் அவர். "நீ சொல்லுப்பா. இந்த ஊர்ல இதுக்கு என்ன பேரு?"

நமச்சிவாயத்துக்கும் பொய் வராது. "பொடவையா இருந்தா ரெட்டக் கரைங்க," என்றார்.

மறுநாளே ஆணை வந்தது. மேற்படி பட்டறை நெசவுக்கூடம் என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதாகவும், நெசவுக்கூடங்களில் நூலின் நலன் கருதிக் காற்றில் எழுபது சதவீத ஈரப்பதம் பேணப்பட வேண்டும் என்றும், அதற்குரிய இயந்திரம் விலையின்றி வழங்கப்படும் என்றும் அது சொன்னது.

வியாழக்கிழமை வீரபாகு இயந்திரத்தோடு வந்து இறங்கினார்.

"சார், இந்த ரூம்ல ஈரமே ஆகாது. பொடியிலேர்ந்து விஷவாயு வரும்."

"ஈரம் இல்லாட்டி நூல் அறுந்துடும்மா."

"இங்க நூலே இல்லயே சார்!"

"பாத்தியா? எல்லாமே அறுந்துபோச்சு."

இயந்திரம் ஓடியது. கால் மணி நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. முதலில் வெளியே ஓடியவர் வீரபாகு; ஆனால் கையிலிருந்த ஃபைலைக் கீழே விடவில்லை. விசிறிகளைப் போட்டுக் காற்று தெளிந்தபின் எல்லோரும் உள்ளே போனார்கள். சுருள் நமுத்துப் பிசுபிசுத்துக் கிடந்தது. உருளைக்குக் கீழே தட்டில் கருப்பாக ஏதோ தேங்கி நின்றது.

"எல்லாம் போச்சு சார்," என்றாள் எஸ்தர். அழக்கூட வரவில்லை.

வீரபாகு தட்டருகே குனிந்தார். முகம் மலர்ந்தது. "இது திரவமாம்மா?"

"திரவம்தான்."

"மொதல்லயே சொல்லக்கூடாதா? அளந்து ஊத்துப்பா."

நமச்சிவாயம் அளந்தார். இரண்டு லிட்டர். பதினோராவது கட்டம் பச்சையானது. நெசவுக்கூட ஆணை அங்கேயே ரத்தாகி, திட பேட்டரித் தொழிற்சாலைக்கான உரிமம் வந்து சேர்ந்தது. திரவம் இரண்டு லிட்டருக்குக் குறையக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை.

பையில் அடைத்து ஒட்டி வைத்திருந்த மூன்று மீட்டர் தகடு மட்டும் தப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை கார் கம்பெனியிலிருந்து காயத்ரி வந்தபோது எஸ்தர் அதை எடுத்து வைத்தாள். காயத்ரி தகட்டைப் பார்க்கவில்லை. உரிமத்தைத்தான் படித்தாள்.

"ரெண்டு லிட்டர்தானா?"

"மேடம், அது நெஜமில்ல. அது வந்து..."

"திட பேட்டரின்னு இந்த வருஷம் ஒம்பது பேர் கொண்டாந்து காட்டிட்டாங்க. ஒருத்தரோடத தொறந்தா குடம் மாதிரி தளும்புது. எல்லாத்துலயும் உங்களுதுதான் கம்மி."

"எங்களுதுல ஒரு சொட்டுகூட இல்ல மேடம்!"

காயத்ரி உரிமத்தைக் கீழே வைத்தாள். "அப்ப இது போலி லைசென்ஸா?"

நமச்சிவாயம் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் அந்த மூன்று மீட்டரைப் பார்த்தாள்.

"இல்ல மேடம். ரெண்டு லிட்டர் இருக்குது."

"குட். சாம்பிளும் லைசென்ஸும் ஒத்துப்போகணும். அடுத்த மாசம் எங்க ஆளுங்க அளந்து பாப்பாங்க." ஆர்டர் கையெழுத்தாகி, கார் புறப்பட்டுப் போனது.

"எஸ்தர்மா," என்று நமச்சிவாயம் மெதுவாக ஆரம்பித்தார். "அந்த ரெண்டு லிட்டர ஊத்தினா இது கடையில விக்கிற சாதா பேட்டரி ஆயிடாதா?"

"சாதா பேட்டரி இல்லண்ணே," என்றாள் எஸ்தர், அளவுக் குவளையைக் கழுவிக்கொண்டே. "திட பேட்டரின்னு லைசென்ஸ் வாங்கின சாதா பேட்டரி."