லோடு அண்ணன் போட்ட வயது

போடி ஜீப் ஸ்டாண்டில் லோடு அண்ணன் இருந்தவரை, ஒருத்தனுக்கு என்ன வயது என்பதைப் பெற்றவளாலும் சொல்ல முடியாது, அரசாங்கத்தாலும் சொல்ல முடியாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

ஏலத் தோட்டங்களுக்கு மலையேறும் ஜீப்பில் ஆள் ஏற்றுவது அவர் சோலி. மூட்டையும் மனுசனும் அவருக்கு ஒரே லோடுதான். கையை நீட்டச் சொல்வார். ஓர் அமுக்கு. தீர்ப்பு வந்துவிடும். முன்சீட்டு என்றால் பெரிசு. நடுவில் என்றால் குடும்பஸ்தன். பின்கம்பியைப் பிடித்துத் தொங்கு என்றால் இளவட்டம். தொங்குகிறவனுக்கும் அதே காசுதான். ஆனாலும் போடியில் அதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

ஒரு காலேஜ் பையனை முன்சீட்டுக்கு அனுப்பினார்.

"என்னண்ணே, எனக்கு இருபதுதான்!"

"சர்ட்டிபிகேட்டுக்கு இருபது. கையி ஊறப்போட்ட அவல் மாதிரி இருக்கு. ஏறுங்க தாத்தா."

ஏலக்காய் பறிக்கிற வயசான அம்மா ஒருத்தியின் கையைப் பிடித்துவிட்டு, "யாத்தே!" என்று உதறினார். "ஆத்தா, சேலை தடுக்குது. இல்லேன்னா ஒன்னையத்தான் மொத ஆளாத் தொங்கவிடுவேன்."

எண்பதுகளின் கடைசியில் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு ஓர் அதிகாரி வந்தார். இளைஞர் என்றால் முப்பத்தைந்து வரைதான் என்று படித்துக் காட்டி, சோடா குடித்துவிட்டுப் போனார். செயலாளரான எனக்கு முப்பத்தாறு. அன்றைக்கே மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

அது போனால் போகிறது. அப்போதுதான் சிலமலையில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். காபி கொடுத்துவிட்டு, "இனிப்புப் போதுமா?" என்று கேட்ட பெண். அதுவரை தட்டிப்போன எந்த இடத்திலும் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை.

"மாப்ளையக் கெழவன்னு கவர்மெண்டே சொல்லிருச்சாமே!" என்று அவள் அப்பா பின்வாங்கினார். பிறகு ஒரு வழிக்கு வந்தார். "லோடு தொங்கவிட்டாருன்னா பொண்ணு ஒங்களுக்கு. உள்ள ஒக்காரச் சொன்னா சம்பந்தம் இல்ல."

அந்தச் சோதனைக்கு முதல்நாளே ஸ்டாண்டுக்கு ஓடினேன். "அண்ணே, நாளைக்கு என்னையப் பின்னால போட்ருங்க."

கையை அமுக்கினார். "நடுவுலதான் அப்பு. ஒனக்காகப் பொய் சொன்னா வளைவுல விழுந்துருவ. பொணத்துக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

மறுநாள் காலை பெண்ணின் அப்பாவும் வந்து நின்றார், தோட்டத்துக்குப் போகிற சாக்கில். என்னை நடுவில் ஏற்றிவிட்டார் லோடு அண்ணன். பெரியவர் முகம் இறுகியது. அதற்குள் அவர் கையையும் பிடித்தாயிற்று. ஓர் அமுக்கு. இன்னோர் அமுக்கு.

"மாமா, நீங்க பின்னால தொங்குங்க."

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டினார். துண்டைத் தலையில் இறுக்கினார். வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து விசில் கேட்டது. நான் ஓர் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.

போடிமெட்டில் குதித்து இறங்கியவர், மீசையை நீவிக்கொண்டு சொன்னார்: "நானே இளவட்டம்னா, மாப்ளே, நீங்க பச்சப்புள்ள! வெரசா நாளப் பாத்துருவோம்."

கல்யாணப் பந்தியில் கேட்டேன். "எனக்காகத்தானண்ணே அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"லோடுல பொய் சொல்லுவனா? விழுந்தா யாரு பதில் சொல்றது?" பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார்: "மகளுக்கு எடம் தேடி அலையிறவன் புடி எந்த வளைவுலயும் எளகாது, அப்பு."

இப்போது என் மகளுக்கு இடம் பார்த்து அலைகிறேன். கையை நீட்டினால் அமுக்கிப் பார்க்கத்தான் அவர் இல்லை.