பெடஸ்ட்ரியன் எந்தச் சபை?

நாகர்கோவிலில் பஸ் முதலாளிகளின் வயிற்றெரிச்சலை மொத்தமாகக் கொட்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் ஆபீஸ் நடராஜாதான். சுத்தமான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர். எங்கே போனாலும் நடராஜா சர்வீஸ் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது. சபைப் போதகரே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கள் ஊர் திரு-கொச்சி ராஜ்யத்தில் இருந்த காலம். ஆபீஸ் வேலையாகப் பத்மநாபபுரத்துக்கு நாங்கள் பஸ்ஸில் போய் இறங்கும்போது, இவர் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருப்பார். அந்தக் காலத்து பஸ் அப்படி.

சபைக் கூட்டம் ஒன்றில் பார்த்த மயிலாடிப் பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டு, சோறு இறங்காமல் அலைந்தார். ஒருவழியாகப் பெண் பார்க்க வரச் சொல்லித் தரகர் வந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நடந்துதான். போய்ச் சேர்ந்தபோது எங்கள் வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகியிருந்தது.

"தம்பி எந்த பஸ்ல வந்திய?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

நடராஜா நெஞ்சை நிமிர்த்தினார். "நான் பெடஸ்ட்ரியன்."

பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. நம் ஊரில் சபைகளுக்கா பஞ்சம்? வாயில் நுழையாத பெயரில் அவரும் நாலைந்து கேட்டிருந்தார்.

"நாங்க மிஷன் சபை. வேற சபையில பொண்ணு குடுக்க மாட்டோம். தரகர் இதச் சொல்லலியே."

"ஐயோ மாமா, அது சபை இல்ல. லத்தீன்ல காலுக்கு ‘பெஸ்’ண்ணு பேரு. அதுல இருந்து வந்த வாக்கு..."

"லத்தீனா? அப்பம் ரோமன் கத்தோலிக்கா?" பெரியவர் எழுந்தே விட்டார்.

நடராஜா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேலே பார்த்துக் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அப்பா, நடந்து போறவன்னுதான் அதுக்கு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொரு அர்த்தமும் உண்டு. சப்புண்ணு இருக்கதையும் பெடஸ்ட்ரியன்னு சொல்லுவாவ."

இந்த இரண்டாவது அர்த்தம் நடராஜாவுக்குத் தெரியாது. எல்லாம் முடிந்தது என்று எழுந்துபோய்ச் செருப்பைத் தேடினார்.

"அவிய எங்க போறாவ?" என்றாள் பெண். "வந்து கால் மணிக்கூருக்குள்ள ரெண்டு சபை மாறினவிய சப்புண்ணு இருப்பாவளா அப்பா? எனக்குச் சம்மதம்."

கல்யாணத்தன்று சபைக் கோயில் வாசலில் கார் நின்றது. அவளுக்காக நடராஜா, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு காரின் கதவைத் திறந்து ஏறப் போனார். அவள் அதைச் சாத்திவிட்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். காலிக் காருக்கு முன்னால் இருவரும் போவதைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.