சாரல் வந்தாச்சு, தாயும் சேயும் நலம்

"கேள்வி கேக்கதுக்கெல்லாமா ஒரு படிப்பு?"

குற்றாலத்தில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன லாட்ஜின் முதலாளி அண்ணாச்சி இப்படித்தான் கேட்டார். "ஏஐகிட்ட எப்படிக் கேட்டா எப்படிப் பதில் வரும்னு எனக்குத் தெரியும்" என்று நான் பெருமையடித்ததற்குத்தான் அந்தக் கேள்வி. (தெரியாது. கல்லூரியில் அரை நாள் பயிலரங்கில் உட்கார்ந்திருந்தேன், அதுவும் சமோசா வரும் திசையைப் பார்த்தபடி.) எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் தலைக்கனத்துக்கே தனியாக ஒரு ரூம் போட்டிருக்கலாம்.

"சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார். சரிப்படாவிட்டால் எங்கள் ஊர் கடையத்துக்குத் திரும்பி, அம்மாவுக்கு எதிரே பீடி சுற்றும் தட்டோடு உட்கார வேண்டும். அம்மாவோ, "எம்மவ கம்ப்யூட்டர்ல வேல பாக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டிருந்தாள்.

அந்த வாரமே ஒரு காலையில் மலை காணாமல் போனது. மேகம் வாசல்வரை இறங்கி, ரூம் கேட்டு நிற்பவரைப் போல வரவேற்பறையை எட்டிப் பார்த்தது. எங்கோ அருவி இரைந்துகொண்டிருந்தது. காற்றில் ஈர மண்ணும் மிளகாய் பஜ்ஜியும் மணத்தன. அண்ணாச்சி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தார்.

"சாரல் வந்தாச்சு! பழைய கஸ்டமருக்கெல்லாம் எம்பேர்ல சந்தோஷமா ஒரு செய்தி போடு. ஒம்படிப்பப் பாப்போம்."

நான் அதையே ஃபோனில் தட்டினேன்: 'சாரல் வந்தாச்சு. அண்ணாச்சி பேரில் எல்லாருக்கும் சந்தோஷமாக ஒரு செய்தி எழுது.' உடனே பதில் வந்தது. முதல் வரியே, 'சாரல் வந்துவிட்டாள்!' மழையைப் பெண்ணாக்கிவிட்டதே, என்ன கவித்துவம் என்று சொக்கிப்போனேன். மீதியைப் படிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு துளி இன்னொரு துளியைத் தேடி இறங்குவதைப் பார்த்தபடியே எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

முதல் ஃபோன் ராஜபாளையத்து வாடிக்கையாளரிடமிருந்து. அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"வாழ்த்துகள் அண்ணாச்சி! இந்த வயசுல..."

"இதுல என்ன இருக்கு? வருஷா வருஷம் வருததுதான?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது: "வருஷா வருஷமா?... ஆச்சி நல்லா இருக்காவளா?"

"அவளுக்கென்ன, சாரல் வந்தா இடுப்பு வலிதான்!"

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் மனைவி, ஆச்சி, தன் ஃபோனோடு வந்தார். சத்தமாக வாசித்தார். "'எங்கள் இல்லத்தில் குட்டி தேவதை சாரல் வந்துவிட்டாள்! தாயும் சேயும் நலம்.' ஏட்டி, என்னட்டி இது? எம்பேரனுக்கே மீச மொளைச்சாச்சு!"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மேகம் என்னையும் மறைத்துவிடாதா என்றிருந்தது.

"பொட்டியக் கெட்டு" என்றார்.

பீடித் தட்டு கண்ணுக்குள் வந்தது. "ஒரே ஒரு தடவை, அண்ணாச்சி" என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்லும் முன்பே தட்டத் தொடங்கினேன். 'குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துபவர் சார்பாக எழுது. சாரல் என்பது இங்கே சீசனில் பெய்யும் மெல்லிய மழை, குழந்தை அல்ல. முந்தைய செய்தி தவறு என்று சிரிக்கும்படி சொல். படிப்பவர்கள் குடும்பத்தோடு வருகிற பழைய வாடிக்கையாளர்கள். நான்கு வரி போதும். வெள்ளம் வந்தால் அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள்; குளிக்கலாம் என்று நீயாகச் சொல்லாதே, அதை நான் விசாரித்துச் சேர்ப்பேன்.'

இந்த முறை ஆச்சி ஒவ்வொரு சொல்லாக வாசித்துவிட்டு, தானே அனுப்பினார்.

மதியம் ராஜபாளையத்துக் குடும்பம் ஒரு குட்டி கவுனோடு வந்து இறங்கியது. வழியில் இருந்ததால் இரண்டாவது செய்தியைப் பார்க்கவில்லையாம். விஷயம் தெரிந்ததும் படியில் உட்கார்ந்து சிரித்தார்கள். "வந்ததுதான் வந்தோம், ரூம் இருக்கா?" என்று கேட்டார்கள். சாயங்காலம் இன்னும் நாலு குடும்பம், குழந்தையை விசாரித்தபடியே. அண்ணாச்சி என் பெட்டியைப் பற்றி அப்புறம் பேசவேயில்லை.

அந்தக் கவுன் இன்றும் வரவேற்பறையில் சாவிகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அங்கே வேலையை விட்ட பிறகும், நான் எப்போது போனாலும் ஆச்சி கேட்பது இதைத்தான்: "ஒம்மவ சாரல் எப்படிட்டி இருக்கா?"

போன வாரம் தென்காசியில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஏஐயிடம் எப்படிக் கேட்பது என்று கடைக்காரர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். முதல் வரிசையில் அண்ணாச்சி. போர்டு எழுத வந்தவர், பெயர் என்ன போடணும் என்று கேட்டார்.

"சாரல்."

"மக பேராம்மா?"

"ஆமா. தாயும் சேயும் நலம்."