பின் சீட்டில் ஆறு முதுகெலும்பு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் முதுகு வளையும். வளைந்தால் 'நிமிரு' அண்ணன் குரல் காதுக்குள் கேட்கும். பத்தாவதோடு நின்றுபோனவனுக்கு எதற்கு இந்த வம்பு?

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே கூன் விழாத முதுகு ஒன்று தென்பட்டால், அது அவர் ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கிய முதுகு. அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. யார் ஏறினாலும் "நிமிரு" என்பார், அதுவே பெயராகிவிட்டது.

"செல்போன மூஞ்சிக்கு நேரா தூக்கு நைனா, கழுத்து தேஞ்சிபூடும். யக்கா, தோள பின்னால தள்ளு. கால அகட்டாத. முதுவு சீட்டுல ஒட்டணும்."

எல்லோரும் ஒட்டுவார்கள். ஒட்டியதும் மூன்று பேர் சீட்டில் புதிதாக ஓர் இடம் முளைக்கும். உடனே நான்காவது ஆளை ஏற்றுவார். அடுத்தவன் ஆரோக்கியத்தில் இப்படி லாபம் பார்த்த மனுஷனை நான் கண்டதில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் உட்காரும் அழகுதான். டிரைவர் சீட்டில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் என் நண்பன் விக்கி. நடுவில் அவர் பாதிப் பிட்டத்தில், ஒரு தோள் மேலே ஒரு தோள் கீழே, வெயிலில் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி முறுக்கிக்கொண்டு கிடப்பார்.

"நீ நிமிர மாட்டியா அண்ணாத்தே?"

"நா நிமிந்தா நீ ரோட்ல கெடப்ப. கம்முனு குந்து."

போன மாதம் குமணன்சாவடி சிக்னலில் அவர் இடுப்பு பிடித்துக்கொண்டது. நானும் விக்கியும் தூக்கினோம். ஹேண்டில் பிடித்த கை, மடங்கின கால், எல்லாம் அப்படியே வந்தது. ஆட்டோ இல்லாமலே ஆட்டோ ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். படுக்க வைத்ததும் டாக்டரைப் பார்த்து, "குனிஞ்சி எழுதாதீங்க சார், நிமிருங்க" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து சொன்னார்: "இனிமே அந்த சீட்ல நீங்க மட்டும், நேரா உக்காரணும். இல்லன்னா வண்டிய விட்டுடுங்க."

அண்ணன் முகம் சுருங்கியது. "முன்னாடி ரெண்டு பேரு ஏறலன்னா கட்டுப்படி ஆவாது நைனா. வண்டிய வுட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?" என்று என்னைக் கேட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குக் கிண்டல் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, இடுப்பில் பெல்ட்டோடு வந்தார். டாக்டர் சொன்னதைக் காற்றில் பறக்கவிட்டு, பழையபடி நடுவில் பாதிப் பிட்டத்தில் ஒடுங்கி, முன் சீட்டைத் தட்டினார். "ஏறு நைனா."

"உன் பக்கத்துல எவன் குந்துவான், தைல நாத்தம் தாங்கல" என்று பின்னால் போனேன். விக்கியும் வந்தான். அங்கே ஏற்கெனவே நாலு பேர்.

பூக்கார அக்கா முறைத்தார். "எங்கடா குந்துவீங்க, என் தல மேலயா?"

"நிமிரு யக்கா. தோள பின்னால தள்ளு. இன்னும் ரெண்டு எடம் கீது."

அக்கா திட்டிக்கொண்டே நிமிர்ந்தார். மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். தீப்பெட்டிக் குச்சி மாதிரி ஆறு பேர் அடைந்துகொண்டோம். அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். காலியான முன் சீட்டில் முழுசாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் நேராக உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, மனுஷன் என்னைவிட உயரம்.

இதை விக்கிக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பதில் வந்தது:

"முட்டி பேந்துகீது மாமே, நாளைக்கும் பின்னாடிதான?"