கடக்கால் மண்ணுல குந்துன கதை

வெதைக்கு மல்லாட்டை உரிச்சிக்கிட்டு இருக்கேன். மடியில முறம், பக்கத்துல இந்தக் காகிதம். பத்து வேர்க்கடலை உரிச்சா ஒரு வரி எழுதுறேன். அங்கங்க மண்ணு ஒட்டியிருந்தா மன்னிச்சிக்குங்க.

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னுதான். மாமனார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்!

உறுவையாத்துல எங்க வீட்டுக்கு ஒரே கூடம், ஏழு பேரு. எம் பையன் சிணுங்குனா ஏழு பேரும் திரும்பிப் படுப்பாங்க. அதனால எங்க மூணு பேருக்கு மாடியில ஒரு ரூம்பு போடுறதுன்னு முடிவாச்சி. ஜன்னல் எந்தப் பக்கம்னு நான் மனசுக்குள்ள வெச்சே முடிச்சிட்டேன்.

கொத்தனார் வந்து முன்சுவரு அடியில அஸ்திவாரத்தத் தோண்டிப் பாத்தாரு. "கடக்கால் முழங்கால் ஆழந்தான் இருக்கு. மாடி தாங்காது. அடியில ஆழமாத் தோண்டி அகலமா கட்டி ஏத்தணும்"னாரு.

சுவரு ஓரமா அஞ்சு கட்டம் கோடு போட்டாரு. ஒன்னு, மூணு, அஞ்சு மட்டும் தோண்டுனாரு. ரெண்டையும் நாலையும் வுட்டுட்டாரு. அந்த ரெண்டு துண்டு மண்ணு மேலதான் சுவரே நிக்குது. தோண்டுனத கட்டி, அது இறுகுன பெறவுதான் மிச்சத்துல கை வெக்கணுமாம்.

அதுக்குள்ள சுண்ணாம்பு தீந்துபோச்சி. கொத்தனாரும் எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனுங்க ரெண்டு பேரும் வண்டி கட்டிக்கிட்டு வில்லியனூர் கெளம்புனாங்க. மாமியார், நாத்தனாரோட பிரசவத்துக்கு நெட்டப்பாக்கம் போயிருந்தாங்க. மாமனார் கரும்புக் கொல்லையில.

"அப்பா வந்தா சொல்லிடு. நடுவுல வுட்ட மண்ண யாரும் தொடக்கூடாது. தொட்டா சுவரு குந்திடும்"னு போறப்ப எங்க வீட்டுக்காரரு சொன்னாரு.

நானும் தலைய ஆட்டுனேன்.

கல்யாணமாயி நாலு வருசமா மாமனார்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசுனதில்ல நான்! கதவுக்குப் பின்னால நின்னு மாமியார்கிட்ட சொல்லுவேன், அவங்க அவருகிட்ட சொல்லுவாங்க. எல்லாரும் மரியாதைன்னு நெனச்சாங்க. நெசத்துல பயம்!

மாமனார் வந்தாரு. குழியப் பாத்தாரு.

"இன்னாடா இது, பல்லு வுழுந்தவன் வாய் மாதிரி வெட்டி வெச்சிருக்கான்? வெட்டுனா முழுசா வெட்ட வேணாம்?"

மண்வெட்டிய எடுத்துட்டாரு!

நான் கதவுக்குப் பின்னால நின்னு இருமுனேன்.

"யாருக்கு இருமலு? சுக்குக் கசாயம் போட்டுக் குடிக்கச் சொல்லு"ன்னு காத்துகிட்ட சொன்னாரு. ரெண்டாவது கட்டத்துல முதல் வெட்டு வுழுந்துது.

சரி, பையன அனுப்பலாம்னு பாத்தேன். பிரெஞ்சுக்காரன் கொடி எறங்கி நம்ம கொடி ஏறுன வருசம் பொறந்தவன், ரெண்டு வயசு. "கண்ணு, தாத்தாகிட்ட போயி, நடு மண்ண வெட்டக்கூடாதாம், கொத்தனார் சொன்னாராம்னு சொல்லு."

ஓடுனான். "தாத்தா! மண்ணு! வெட்டு!"

"எஞ் சிங்கமே! தாத்தாவுக்கே வேல சொல்றியா? தோ பாரு!" முன்னவிட வேகமா வெட்டுனாரு.

நானா போயி மாட்டிக்கிட்டேன்!

சோறு போட்டா எழுந்து வருவாருன்னு தட்டை டங்குன்னு வெச்சேன்.

"இருக்கட்டும், ஒரு நாலு வெட்டு."

அப்பதான் ஜன்னலுக்குக் கீழ காரை பொலபொலன்னு உதுந்துது. சுவத்துல விரல் நீளத்துக்கு ஒரு கீறல். மாடி இருக்கட்டும், இருக்கற வீடும் போயிடும் போலருக்கே!

வாய் தொறக்கல. காலு ஓடிச்சி. முந்தானைய இழுத்து முகத்த மூடிக்கிட்டு, அவரு வெட்டுற மண்ணு மேலயே போயி குந்திட்டேன்!

தூக்குன மண்வெட்டி அப்படியே நின்னுது. அவரும் என்கிட்ட நேரா பேசுனதில்லயே. பையனப் பாத்துக் கேட்டாரு. "டேய் ராசா, உங்கம்மாவுக்கு இன்னாடா ஆச்சி?"

"அம்மா குந்திச்சி"ன்னான்.

"குந்தட்டும்டா, பாவம், இன்னாவோ நோவு போல"ன்னுட்டு நாலாவது கட்டத்துக்குப் போயிட்டாரு.

நான் எழுந்து ஓடி நாலாவதுல குந்துனேன். அவரு ரெண்டாவதுக்குத் திரும்புனாரு. நானும் ரெண்டாவதுக்கு ஓடுனேன். பையன் கை தட்டிச் சிரிச்சான். தெருவுல போன வண்டிக்காரரு மாட்ட நிறுத்திட்டு நின்னு பாத்தாரு.

நாலாவதுக்கு அவரு மறுபடி திரும்பும்போது எனக்கு மூச்சு இல்ல. ஆனா எங்கிருந்தோ குரல் வந்துது.

"மாமா! வெட்டாதீங்க! சுவரு வுழுந்துடும்!"

தென்னை மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்துடுச்சி!

மாமனார் மண்வெட்டிய கீழ வெச்சாரு. கீறலப் பாத்தாரு. என்னயப் பாத்தாரு.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?"

வண்டி திரும்பி வந்ததும் கொத்தனார் வாயில அடிச்சிக்கிட்டு, பனங்கட்டையால சுவத்துக்கு முட்டுக் குடுத்தாரு. "இன்னும் நாலு வெட்டு வுழுந்திருந்தா மாடிக்குப் பதிலா தரைமட்டந்தான். யாரு நிறுத்துனது?"

"எம் மருமவதான். நாலு வருசம் சேத்து வெச்சி ஒரே தடவையா பேசிட்டா"ன்னாரு மாமனார்.

கடக்கால் கட்டி, இறுகி, இப்ப மேல சுவரு ஆளு உசரம் வந்துடுச்சி. மாமனார் ஒவ்வொரு கல்லுக்கும் "ஏம்மா, இது வெக்கலாமா?"ன்னு என்னயக் கேக்குறாரு. அதனால புதுசா கல்யாணமாயிப் போற தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது என்னன்னா, சொல்ல வேண்டியத பயப்படாம, நேருக்கு நேரா, அந்த நிமிசமே

இருங்க, மாமா கூப்புடுறாரு. ஏணியப் புடிக்க ஆளு இல்லாமலே மேல ஏறிட்டாராம், எறங்கத் தெரியலையாம், நான் போயி